பயப்படப் பழகலாம் வாங்க: நெல்லைப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு பேய்ப்பட வழிகாட்டி

“பேய்ப்படம் பார்க்கணும், எதுல ஆரம்பிக்க?” என்று கேட்பவர்களிடம் நான் உடனே படப்பெயர் சொல்வதில்லை. “உங்களுக்கு எது தாங்காது?” என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. யாரோ ‘செம படம்’ என்றார்கள் என்று ஒரு ரத்தக்களரியைப் போடுவார்கள், கால்மணி நேரத்தில் அணைத்துவிடுவார்கள், “நமக்கு இந்த வகையே ஒத்துவராது” என்று முடிவும் கட்டிவிடுவார்கள். அவர்களுக்கு ஒத்துவராதது ரத்தம் மட்டும்தான். பேயோடு இன்னும் அறிமுகமே ஆகவில்லை.

திருநெல்வேலி, தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று இந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு, பயமுறுத்தும் படங்களைப் பார்க்கவும் பார்த்ததைப் பற்றி நாலு பேரோடு மல்லுக்கு நிற்கவும் ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிப்படியாகப் போகலாம். நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தாலும் ஒன்றும் ஆகாது, ரத்தப் படியைத் தவிர.

படி 1: மூன்றையும் பிரித்துப் பாருங்கள்

பேய்ப்படம் நம்மை மூன்று விதமாகப் பிடிக்கும். முதலாவது திடுக்கிடல். அமைதியாக இருக்கும்போது திடீரென்று ஒரு சத்தம், ஒரு முகம். ரசிகர்கள் ‘ஜம்ப் ஸ்கேர்’ என்பது இதைத்தான். இது வெறும் உடம்பு வேலை. பின்னால் வந்து யாராவது தட்டுத் தாம்பாளத்தைக் கீழே போட்டாலும் இதே துள்ளல் துள்ளுவீர்கள். அதனால் இதை வைத்து ஒரு இயக்குநரின் திறமையை எடை போட முடியாது.

இரண்டாவது அருவருப்பு. ரத்தம், குடல், புழு, அழுகல். இது வயிற்றில் நடக்கும் விஷயம். மூன்றாவதுதான் பயம். ஒன்றும் நடக்காதபோதே ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிவது. இதற்குச் சத்தமும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம். சாத்தியிருக்க வேண்டிய கதவு லேசாகத் திறந்திருந்தால் போதும்.

எது உங்களைத் தொட்டது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, அது எவ்வளவு நேரம் கூடவே வருகிறது என்று பார்ப்பது. திடுக்கிடல் அடுத்த காட்சிக்குள் போய்விடும். அருவருப்பு அடுத்த வேளைச் சாப்பாடு வரை இருக்கும். பயம் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. ராத்திரி புறவாசல் கதவைத் தாழ்போடப் போகும்போதுதான் வந்து நிற்கும்.

முதல் நாலைந்து படங்களுக்கு இந்த ஒரு வேலையைச் செய்தால் போதும். படம் முடிந்ததும் மூன்றில் எது எத்தனை பங்கு என்று மனசுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். ‘பயங்கரமா இருந்துச்சு’ என்று ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் கட்டிப்போடுவதால்தான் இந்தப் படங்களைப் பற்றிய பேச்சு எங்கேயும் நகராமல் நிற்கிறது.

படி 2: கொடை ராத்திரியை நினைத்துப் பாருங்கள்

நெல்லைச் சீமையில் வளர்ந்த ஒருவர் இந்த விஷயத்தில் தன்னைப் புதியவர் என்று சொல்லிக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். ஒரு சுடலைமாடன் கொடையாவது, அதாவது கோவில் திருவிழாவாவது, பார்த்திருப்பீர்கள். வில்லுப்பாட்டில் சூல்பலிக் கதையை ஆச்சி மடியில் தலைவைத்துக்கொண்டு கேட்டிருப்பீர்கள். நிறைசூலியைப் பலி கொடுக்கிற கதை அது. இன்றைக்கு அதை அப்படியே படமாக எடுத்தால் தணிக்கையில் எத்தனை நிமிஷம் மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளையை வாயில் கவ்விக்கொண்டு நிற்கும் இசக்கியம்மனைத் தாண்டித்தான் பலர் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். கணியான் கூத்தில் கைவெட்டு நடக்கும். கணியான் தன் கையைக் கீறி, சொட்டும் ரத்தத்தைச் சாமிக்குக் கொடுப்பார். இவ்வளவையும் பார்த்து வளர்ந்தவரை ஒரு ஹாலிவுட் முகமூடிக்காரன் என்ன செய்துவிட முடியும்?

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. படம் பார்ப்பதற்கு இதில் இரண்டு சங்கதி இருக்கிறது.

ஒன்று, காட்டாமல் விடுவது. கொடையில் நடுச்சாமத்தில் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் புறப்படுவார். ஊர் பின்னால் போகாது. மகுடம் என்ற பறையின் சத்தம் நின்று, அவர் திரும்பி வரும்வரைக்கும் கோவில் முன்னால் எல்லோரும் காத்துக்கிடப்பார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று நேரில் பார்த்தவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். கொடையின் உச்சம் அந்தக் காத்திருப்புதான் என்று நான் சொல்வேன். 1975இல் வந்த ‘ஜாஸ்’ படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் சுறாவை அதிகம் காட்டாமலேயே படத்தை நகர்த்த வேண்டியதாயிற்று. தண்ணீரும் இசையும்தான் மிரட்டின. சுறா ஒழுங்காக வேலை செய்திருந்தால் அந்தப் படத்தை இவ்வளவு பேர் நினைவு வைத்திருப்பார்களா என்பது சந்தேகமே. ஒரு படம் எதைக் காட்டாமல் விடுகிறது என்று கவனிக்க ஆரம்பித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

இரண்டாவது, கதை சொல்லி முடிப்பது. நம் பக்கத்துத் தெய்வங்களில் பல பேர் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள். செத்தவர் ஆவியாகத் திரும்பி வருவார், கொன்றவர் குடும்பத்தை ஆட்டிவைப்பார், கடைசியில் பீடம் எழுப்பிப் படப்பு (படையல்) போட்டதும் அமைதியாவார். வில்லுப்பாட்டுக்காரர் இதை விடியவிடியப் பாடுவார். இப்போது ‘காஞ்சனா’ (2011) மாதிரிப் படங்களை நினைத்துப் பாருங்கள். முதல் பாதியில் பேய் யாரையோ பிடிக்கும். இரண்டாம் பாதியில் ஃபிளாஷ்பேக் வரும். ஒரு அநியாயச் சாவு, அப்புறம் பழிவாங்கல், அப்புறம் அமைதி. நம்முடைய பேய்ப்படங்களில் பெரும்பாலானவை வில்லுப்பாட்டின் பேரப்பிள்ளைகள். ஃபிளாஷ்பேக் தொடங்கியதும் பயம் இறங்கி இரக்கம் ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். அது குறை அல்ல, அந்த வடிவத்தின் குணம். மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) இதே எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு பேயின் நோக்கத்தை மட்டும் திருப்பிப் போட்டது. அதனால்தான் அது தனியாகத் தெரிகிறது.

இந்தப் பழக்கத்தோடு வெளிநாட்டுப் படம் பார்க்க உட்கார்ந்தால் ஒரு ஏமாற்றம் வரும். ‘பேய் ஏன் வந்துச்சுன்னே சொல்லலியே’ என்பீர்கள். சொல்லாமல் விடுவதுதான் அங்கே பல பேருடைய ஆயுதம். இதற்குப் பழக ஒரு குறுக்குவழி உண்டு. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ சிறுகதையை ராத்திரியில் தனியாகப் படியுங்கள். வீட்டுக்குள் வேலைக்கு வந்த பெண் யார், என்ன என்று கடைசிவரை நமக்குத் திட்டமாகத் தெரியாது. திருநெல்வேலிக்காரர் ஒருவரே அந்த வித்தையை எப்போதோ செய்துவிட்டார்.

நாட்டார் கதைகளில் ஆர்வம் கூடுகிறவர்களுக்கு இன்னொரு தகவல்: பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

படி 3: முதல் படங்கள்

சிரிப்புப் பேய்ப்படங்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. பயம் ஏறுகிற நேரத்தில் ஒரு காமெடி நடிகர் அலறிக்கொண்டு ஓடி எல்லாவற்றையும் கலைத்துவிடுவார். ஆனாலும் ரொம்பப் பயந்த சுபாவம் என்றால் அங்கிருந்தே தொடங்குங்கள். திடுக்கிடலுக்கு உடம்பு பழகும். பக்கத்திலேயே சிரிப்பும் இருக்கும்.

அடுத்து, தமிழிலேயே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கதை சொன்ன படங்கள். 2009இல் இரண்டு வந்தன. ‘யாவரும் நலம்’ படத்தில், வீட்டுப் பெண்கள் பார்க்கும் டிவி சீரியலில் நடப்பதெல்லாம் அந்த வீட்டிலும் நடக்கத் தொடங்கும். மத்தியானம் சீரியலை விடாத அத்தை, மைனி யாராவது வீட்டில் இருந்தால் அவர்களோடு சேர்ந்து பார்க்கச் சரியான படம். அறிவழகனின் ‘ஈரம்’ தண்ணீரை வைத்தே மிரட்டும். ஐப்பசி கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ராத்திரியில் பாருங்கள், பாதி வேலையை ஓட்டுக்கூரையே செய்துவிடும். அதற்குப் பிறகு ‘பீட்சா’ (2012). ஒரு பங்களா, ஒரு டார்ச் லைட். அதன் முடிவைப் பற்றி இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. முடிவு படத்தைத் தூக்கிவிட்டது என்பது என் கட்சி. ‘டிமான்டி காலனி’யில் (2015) நாலு பேரை ஒரே அறைக்குள் அடைத்துப்போட்டிருப்பார்கள். சென்னை ஆழ்வார்பேட்டையில் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு இடம் இருக்கிறது என்பதே அந்தப் படத்துக்குப் பாதி விளம்பரம்.

செங்கோட்டையைத் தாண்டினால் மலையாளம். அந்தப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். ராகுல் சதாசிவன் எடுத்த ‘பூதகாலம்’ (2022) அம்மாவும் மகனும் இருக்கும் ஒரு சாதாரண வீட்டுக்குள்ளேயே நடக்கும். பேயா, மனசுக்கோளாறா என்று ரொம்ப நேரம் பிடி கொடுக்காது. அவரே எடுத்த ‘பிரமயுகம்’ (2024) முழுக்கக் கறுப்பு வெள்ளை, மம்மூட்டி. ரத்தம் ஆகாதவர்கள் தைரியமாகப் போகலாம், சிவப்பு என்பதே அதில் கிடையாது.

இங்கே ஒரு பயிற்சி. ஃபாசிலின் ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993), பி. வாசுவின் ‘சந்திரமுகி’ (2005) இரண்டையும் அடுத்தடுத்து பாருங்கள். கரு ஒன்றுதான். முதலாவதில் ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஒன்று அந்தப் பெண்ணின் மனசைச் சுற்றி நகரும், மற்றது ஒரு பெரிய நட்சத்திரத்தைச் சுற்றி. எந்த இடத்தில் பயம் கூடுகிறது, எந்த இடத்தில் கைதட்டலுக்காக பயம் வழிவிடுகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். விமர்சனம் எழுதப் பழக இதைவிட மலிவான பாடம் கிடையாது.

இவ்வளவும் ஆனபிறகு கொரியாவுக்குப் போகலாம். நா ஹோங்ஜின் எடுத்த ‘தி வெய்லிங்’ (2016) ஒரு மலையடிவாரக் கிராமத்தில் நடக்கும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், பொறுமை வேண்டும். அதில் பேயோட்டும் சடங்கு ஒன்று வருகிறது. அந்த மேளமும் ஆட்டமும் ஏறிக்கொண்டே போகும்போது நம் ஆட்களுக்கு மகுடம் நினைவுக்கு வராமல் இருக்காது. படம் முடிந்தபிறகு யார் சாமி, யார் பேய் என்று தீர்ப்புச் சொல்ல உங்கள் கூட்டத்தில் இரண்டு கட்சி கட்டாயம் உருவாகும்.

மொழி தெரியாத படங்களைக் கூடுமானவரை மூலக்குரலிலேயே, சப்டைட்டிலோடு பாருங்கள். சில டப்பிங்குகளில் பேய்கூட பஞ்ச் வசனம் பேசிவிடும்.

படி 4: இடமும் சத்தமும்

ஹிட்ச்காக் 1960இல் ‘சைக்கோ’வை வெளியிட்டபோது, படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்குக் கறாராகச் சொல்லியிருந்தார். நம் ஊரில் அது நடக்கிற காரியமா? பெயர் போட்டு முடிந்து பத்து நிமிஷம் கழித்து, செல்போன் வெளிச்சத்தில் சீட்டு நம்பர் தேடுகிறவர்கள் நாம். பேய்ப்படத்துக்காவது முன்னாடியே போய் உட்காருங்கள். முதல் பத்து நிமிஷத்தில்தான் அந்த வீட்டின் அமைப்பு, எந்தக் கதவு எங்கே போகும் என்பதெல்லாம் மனசில் பதியும். அது பதியாவிட்டால் பின்னால் வருகிற பயம் பாதியாகிவிடும்.

தியேட்டரா, வீடா என்றால், திடுக்கிடவைக்கும் படங்கள் தியேட்டருக்கு, மெல்ல ஏறும் படங்கள் வீட்டுக்கு என்பது என் பொதுக்கணக்கு. கூட்டத்தில் யாராவது விசிலடித்துத் தன் பயத்தை விரட்டுவார். அது ஒரு தனிச் சுகம், ஆனால் மௌனத்தை நம்பி எடுத்த படத்தை அது கொன்றுவிடும். செகண்ட் ஷோ முடிந்து, சுலோசன முதலியார் பாலத்தில் ஆற்றுக்காற்று முகத்தில் அடிக்க வண்டியில் வரும்போது படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவது டிக்கெட்டோடு இலவசமாகக் கிடைப்பது.

வீட்டில் பார்க்கிறீர்கள் என்றால் சத்தத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இந்த வகைப் படங்களில் பேச்சு முணுமுணுப்பாக இருக்கும், அலறல் காதைக் கிழிக்கும். சாதாரணமாகப் பேசும் ஒரு காட்சியில் சத்தத்தைச் சரிசெய்துவிட்டு ரிமோட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள். வளவு வீடு, ஒட்டுச் சுவர் என்றால் ஹெட்போன் போட்டுக்கொள்வது நல்லது. நடுராத்திரி அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி கம்போடு வந்து நிற்பார். டிவி படத்தைக் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் வைத்திருந்தால் மாற்றி ‘சினிமா’ முறைக்குக் கொண்டுவாருங்கள். இருட்டுக் காட்சிகள் சாம்பல் பூத்தமாதிரி தெரியாமல் இருக்கும். பட்டாசலில் விளக்கை அணைத்துவிட்டு, டிவிக்குப் பின்னால் மட்டும் ஒரு சின்ன விளக்கு எரிய விடலாம்.

ரொம்பப் பயமாகிவிட்டால் கண்ணை மூடாதீர்கள், சத்தத்தை நிறுத்துங்கள். ஜான் கார்ப்பென்டர் ‘ஹாலோவீன்’ (1978) படத்தை இசை சேர்ப்பதற்கு முன்பு ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டினாராம். அவர் துளிகூடப் பயப்படவில்லை. பிறகு கார்ப்பென்டரே இசையமைத்துச் சேர்த்ததும் கதையே மாறிவிட்டது. பயம் பெரும்பாலும் காது வழியாகத்தான் வருகிறது. கண்ணை மூடினால் காது இன்னும் கூர்மையாகிவிடும்.

கை நடுக்கத்தோடு, யாரோ தானே எடுத்ததுபோல் வரும் படங்கள் சிலருக்குத் தலைசுற்றலைத் தரும். 1999இல் ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ வந்தபோது தியேட்டரிலேயே குமட்டல் வந்தவர்கள் உண்டு. பின் வரிசையில் உட்காருங்கள், அவ்வளவுதான்.

படி 5: ரத்தத்தைத் தாண்டுவது

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். பயத்தில் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஆனால் ரத்தத்தையும் காயத்தையும் பார்த்தால் சிலருக்கு நேர்மாறாக, முதலில் கொஞ்சம் ஏறிவிட்டு, சட்டென்று அழுத்தமும் துடிப்பும் இறங்கிவிடும். கண் இருட்டும், காது அடைக்கும், ஆள் சாய்ந்துவிடுவார். ஊசி போடும்போது மயங்கி விழுகிறவர்களுக்கு நடப்பதும் இதுதான். மனதைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆகவே கேலி செய்யாதீர்கள். தலை லேசாவது தெரிந்ததும் தொடை, வயிறு, கைத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி நன்றாக இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும். அழுத்தம் ஏறிவிடும். அதற்கும் அடங்கவில்லை என்றால் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடியுங்கள். ஊசிக்கு மயங்குகிறவர் என்று உங்களைப் பற்றித் தெரிந்திருந்தால் தியேட்டரில் ரத்தப்படம் வேண்டாம், வீட்டிலேயே தொடங்குங்கள்.

கறுப்பு வெள்ளையில் ஆரம்பிப்பது நல்ல உபாயம். ‘சைக்கோ’ குளியலறைக் காட்சியில் வடிகாலில் ஓடும் ரத்தம் சாக்லேட் பாகு. ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) படத்திலும் அதேதான். அமெரிக்காவில் வெளியிடும்போது பதிப்புரிமைக் குறிப்பை விட்டுவிட்டதால் அந்தப் படம் அங்கே பொதுச்சொத்தாகிவிட்டது. இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். இன்றைய ஜாம்பிப் படங்களின் தாய்வீடு அது. கலருக்கு வரும்போது ‘ட்ரெயின் டு பூசன்’ (2016). கடி, ரத்தம் எல்லாம் இருந்தாலும் அப்பா மகள் பாசம் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் அருவருப்பு பாதியாகக் குறைந்து, இன்னொரு ரசனை முளைக்கும். ‘தி எக்சார்சிஸ்ட்’ (1973) படத்தின் புகழ்பெற்ற வாந்தி, பட்டாணி சூப். ரொமேரோ படங்களுக்கு ஒப்பனை செய்த டாம் சவினி, வியட்நாம் போரில் புகைப்படக்காரராக இருந்தவர். அங்கே பார்த்த உடல்களின் நினைவுதான் அவர் கைவேலையில் இறங்கியது. கார்ப்பென்டரின் ‘தி திங்’ (1982) படத்தில் ராப் பாட்டின் செய்த உருவங்களைக் கணினி வரைகலை இல்லாத காலத்தில் கையால் செய்தார்கள் என்று நினைத்துக்கொண்டே பாருங்கள், முகம் சுளிக்கவும் தோன்றும், கையெடுத்துக் கும்பிடவும் தோன்றும். ‘ஈவில் டெட் ரைஸ்’ (2023) படத்துக்கு 6,500 லிட்டர் போலி ரத்தம் செலவானதாக அதன் இயக்குநரே சொன்னார். அது உச்சிப்படி, இப்போதைக்கு அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம்.

தணிக்கைச் சான்றிதழைப் படிக்கப் பழகுங்கள். முன்பு யு/ஏ என்று மொத்தமாக இருந்ததை, 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று பிரித்துவிட்டார்கள். ஓடிடியில் வயதோடு கூட வன்முறை, தற்கொலை என்று காரணமும் போட்டிருக்கும். ‘ஏ’ படங்களை டிவியில் அப்படியே போட முடியாது, வெட்டி மறுசான்றிதழ் வாங்க வேண்டும். எனவே ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்த்ததை வைத்து ‘அதுல என்ன பெரிய ரத்தம்?’ என்று வாதாடாதீர்கள். நீங்கள் பார்த்தது வேறு படம்.

சாப்பாடு? சால்னா ஊற்றிய புரோட்டாவோடு ரத்தப்படத்துக்கு உட்காராதீர்கள். கைமுறுக்கும் சுக்குக் காப்பியும் போதும்.

ஒரு விஷயத்தில் நான் கறார். ரத்தம் யாருடையது, கேமரா யார் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். சாகப்போகிறவருக்காக நம்மைப் பதறவைக்கும் படம் ஒன்று. எப்போது வெட்டுவான் என்று காத்திருக்கவைக்கும் படம் இன்னொன்று. ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டுச் சித்திரவதை செய்வதையே பத்து நிமிஷத்துக்கு அழகாக ஒளியமைத்துக் காட்டும் படங்கள் தமிழிலும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றைப் பாதியில் அணைத்தால் அதற்குக் கோழைத்தனம் என்று பெயர் இல்லை.

படி 6: கூட்டம் சேர்ப்பதும் பேசுவதும்

தனியாகப் பார்ப்பதில் ருசி பாதிதான். நாலிலிருந்து ஆறு பேர் போதும். அதற்கு மேல் போனால் அரட்டையாகிவிடும். மாசத்துக்கு ஒரு படம், ஒருவர் வீட்டு மாடி. கல்லூரியிலோ மன்றத்திலோ பொதுவாகத் திரையிடுவதென்றால் படத்தின் உரிமைக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும், அதை மறக்காதீர்கள். பெண்களும் வரும் கூட்டமென்றால் சாயங்காலமே தொடங்கி, கடைசி டவுன் பஸ்ஸுக்கு முன்னால் பேச்சையும் முடிக்கும்படி நேரம் வையுங்கள். ‘பொம்பளப் பிள்ளைகளுக்கு எதுக்கு இந்தப் படம்’ என்று கேட்கும் ஆண்களையும் கூப்பிடுங்கள். பயமான காட்சி வரும்போது முதலில் செல்போனை எடுத்துப் பார்ப்பது யார் என்று நீங்களே கவனித்துக்கொள்ளலாம்.

படம் முடிந்ததும் ஐந்து நிமிஷம் யாரும் வாய் திறக்கக் கூடாது. முதலில் பேசுகிறவர் சொல்வதையே மற்றவர்கள் திருப்பிச் சொல்லிவிடுவார்கள், அதற்காகத்தான். அப்புறம் ஒவ்வொருவராக ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும், முழுப் படத்தையும் அல்ல. அங்கே வந்தது திடுக்கிடலா, அருவருப்பா, பயமா? எது அதைச் செய்தது, சத்தமா, இருட்டா, நடிகரின் முகமா, காத்திருந்த நேரமா?

‘மொக்கை’, ‘வேஸ்ட்’, ‘தரமான சம்பவம்’ மூன்றுக்கும் தடை. அதோடு ‘நான் பயப்படவே இல்ல’ என்பதற்கும். பேய்ப்படம் பற்றிச் சொல்லக்கூடிய வாக்கியங்களில் யாருக்கும் பிரயோஜனமில்லாதது அதுதான். ‘தங்கச்சி அறைக்குள்ள போனதுக்கு அப்புறம் கேமரா அந்த நடையிலேயே நின்னுட்டு, அதுல எனக்கு வேர்த்துட்டு’ என்று ஒருவர் சொன்னால் அதிலிருந்து ஒரு மணி நேரப் பேச்சு கிளம்பும்.

கூட்டத்தில் எப்படியும் இரண்டு கட்சி இருக்கும். ரத்தம் தெறித்தால்தான் படம் என்பவர்கள் ஒரு பக்கம், ஒன்றுமே காட்டாமல் மிரட்டுவதுதான் கலை என்பவர்கள் மறுபக்கம். நான் இரண்டாவது கட்சிதான், ஆனாலும் அந்தக் கட்சியில் அகம்பாவம் அதிகம். இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைக்க ‘தி டெக்ஸஸ் செயின் சா மசாக்கர்’ (1974) போடலாம். பெயரைக் கேட்டாலே ரத்த ஆறு என்று தோன்றும். பார்த்தவர்களிலும் பலர் அப்படித்தான் நினைவு வைத்திருப்பார்கள். உண்மையில் திரையில் ரத்தம் மிகக் குறைவு. இயக்குநர் டோபி ஹூப்பர், சிறுவர்கள் பெரியவர்களோடு பார்க்கக்கூடிய சான்றிதழே கிடைக்கும் என்று நம்பி அடக்கி எடுத்தாராம், கிடைக்கவில்லை. ‘சைக்கோ’ குளியலறைக் காட்சியிலும் இதே கதை. கத்தி சதைக்குள் இறங்கியதைப் பார்த்தேன் என்று அடித்துச் சொல்வார்கள். நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டுங்கள். கத்தி முனை வயிற்றில் படுவதுபோல் ஓரிரு ஃபிரேம் வரும், மற்றபடி வெட்டு விழுந்ததெல்லாம் பிலிமில்தான். மிச்சத்தை வயலின் இசையும் நம் மண்டையும் சேர்ந்து முடித்துவிட்டன.

முடிவை வெளியில் சொல்லாதிருப்பது எல்லோருக்கும் தெரிந்த மரியாதை. பேய்ப்படத்தில் இன்னொன்றும் உண்டு: ‘இப்ப பாரு, இப்ப வருவா பாரு’ என்று பக்கத்தில் இருப்பவரை உசுப்புவது. ஏற்கெனவே பார்த்த மக்கா எவனாவது அப்படிச் செய்தால் அடுத்த தடவை அவனுக்கு அடுக்களையில் காப்பி போடுகிற வேலை.

படி 7: வீட்டில் உள்ளவர்கள்

சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள். தூங்குகிறார்களா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கதவிடுக்கில் நின்று அரைகுறையாகப் பார்த்த பேய் முழுதாகப் பார்த்ததைவிட மோசம்.

சாமியாட்டத்தையும் பேய்பிடித்தலையும் நம்புகிற பெரியவர்கள் முன்னால் படத்தை வைத்துக்கொண்டு கேலி பேச வேண்டாம். உங்களுக்குச் சினிமாவாக இருப்பது அவர்களுக்குக் குலதெய்வம். மறுநாள் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆச்சி திருநீறு பூசினால் பேசாமல் நெற்றியைக் காட்டுங்கள். ஆனால் கூட்டத்தில் யாருக்காவது நாள்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, யாரோ கூப்பிடுவதுபோல் குரல் கேட்கிறது என்று சொன்னாலோ படத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மந்திரித்துக்கொள்வது அப்புறம் இருக்கட்டும்.

பார்த்துவிட்டுத் தூக்கம் வராதவர்களுக்கு: உடனே படுக்காதீர்கள். படம் எடுத்த விதம் பற்றிய பேட்டியையோ, ஒப்பனை போடும் காட்சியையோ கொஞ்ச நேரம் பாருங்கள். அந்தப் பேய் முகத்தோடு உட்கார்ந்து டீ குடிக்கும் நடிகரைப் பார்த்தால் பாதி தெளிந்துவிடும்.

கடைசியாக, அடுத்த மாசப் படத்தை யார் தேர்ந்தெடுப்பது என்ற தகராறு. சீட்டு எல்லாம் குலுக்க வேண்டாம். இந்த மாசப் படம் யாருக்கு ரொம்பப் பிடிக்காமல் போனதோ அவரே தேர்ந்தெடுக்கட்டும். ஏன் பிடிக்கவில்லை என்று காரணத்தோடு சொன்னால் மட்டும்தான் அந்த உரிமை.